புயலுக்கு முந்திய நாள்

புயல் என்றதும் பறக்கும் கூரையை நினைக்கிறோம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கோ காற்று ஓய்ந்த பிறகுதான் கண்டம். வாரம் 3 முறை, சுமார் 4 மணி நேரம் அவர் இரத்தத்தைச் சுத்திகரித்தாக வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் 100 லிட்டருக்கு மேல் தூய நீர் வேண்டும். மின்சாரமும் குழாயும் நின்றால், உடலில் தேங்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். நாம் அன்போடு நீட்டும் இளநீர்கூட அவருக்கு நஞ்சு!

2012-இல் சாண்டிப் புயல் நியூயார்க், நியூஜெர்ஸிக் கரையை நெருங்கியபோது, நோயாளிகள் பலரை முன்கூட்டியே அழைத்துச் சிகிச்சை அளித்தனர். அப்படிப் பெற்றவர்களிடையே அடுத்த 30 நாளில் மரணம் குறைவென்று பின்னர் ஆய்ந்து கண்டனர். புதுக் கருவி ஒன்றுமில்லை; ஒரு நாள் முந்திய அழைப்பு, அவ்வளவே! விஞ்ஞான மாணவனாகிய எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

வியேக்கஸ் தீவின் கதை வேறு. 2017-இல் மரியாப் புயல் அங்கிருந்த ஒரே மருத்துவமனையைப் பாழாக்கியது. ஓராண்டு கழித்தும் அத்தீவின் நோயாளிகள், வாரம் மும்முறை, விமானமேறிக் கடல் கடந்து சென்று திரும்பினர்.