கரண்ட் வந்ததும் தானாக எழும்பும் கணினி

எங்கள் கணினி அறையின் பழைய லினக்ஸ் கணினியைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். ஓ/எல் கடந்தகால வினாத்தாள்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பிள்ளைகள் மற்றக் கணினிகளிலிருந்து திறந்து படிப்பார்கள். 2022இல் 13 மணிநேர மின்வெட்டு வரை பார்த்தோமே, அந்தக் காலத்திலிருந்தே கரண்ட் போய் வந்தால் யாராவது போய்க் கட்டளையைத் தட்டினால்தான் வினாத்தாள் திறக்கும். அந்த 'யாராவது' நான்தான். இப்போது எனக்கு இடமாற்றம் வந்துவிட்டது.

அதனால் வேலையைக் கணினியிடமே ஒப்படைத்துவிட்டேன். கரண்ட் திரும்பியதும் தானாக ஒன் ஆகும்படி பயோஸில் ஒரு செட்டிங் உண்டு, முதலில் அது. பிறகு ஸ்கிரிப்ட். க்ரொன்டாப்பில் @ரீபூட் என்று ஒரு வரி போட்டால் போதும் என்பார்கள். சின்ன வேலைக்குப் போதும்தான். ஆனால் நெட்வேர்க் எழும்புமுன்பே அது ஓடிவிடக்கூடும். ஸ்கிரிப்ட் இடையில் விழுந்தால் தூக்கிவிடவும் ஆளில்லை. சிஸ்டம்டி சேர்விஸாக எழுதினால் 'நெட்வேர்க் வந்தபின் தொடங்கு', 'விழுந்தால் மறுபடி தொடங்கு' என்றெல்லாம் அதிலேயே சொல்லிவைக்கலாம். ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்தை முழுப் பாதையாகக் கொடுக்க வேண்டும். கடைசியில் சேர்விஸை இனேபிள் செய்ய வேண்டும். ஸ்டார்ட் மட்டும் கொடுத்தால் இன்றைக்கு ஓடும், நாளைக்கு ஓடாது.

நேற்று கணினியை மூடி, பிளக்கைக் கழற்றி மாட்டிப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் தரம் 10 பிள்ளையொருத்தி அடுத்த மேசையிலிருந்து கணித வினாத்தாளைத் திறந்துவிட்டாள். நான் கதிரையை விட்டு எழும்பவே இல்லை.

சேர்விஸ் கோப்பின் பெயரையும் இடத்தையும் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். புதிய ஆசிரியர் வந்ததும், லினக்ஸ் தெரிந்த பழைய மாணவர் யாராவது ஒருநாள் போய்க் காட்டிக்கொடுங்கள்.