அந்தச் சிறிய கட்டம்

அமெரிக்க நாட்டின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள ஒரு மறைமாவட்டத்தில் ஐந்து ஆண்டுகள் பணியாற்றும் வாய்ப்பை ஆண்டவர் எனக்கு அளித்திருந்தார். 2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அங்கு குடியேறிய அன்பர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். கையில் கணினியில் அச்செடுத்த ஒரு தாள். மகனுக்கு அம்மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. தாள், விடுதிக்கான விண்ணப்பம்.

"சாமி, இதிலே ஒரு கட்டம் இருக்கிறது. அதிலே அடையாளம் போடச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறான்" என்றார். சொல்லிவிட்டு நிற்காமல் வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் கட்டம் எதைப் பற்றியது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டுக் கல்லூரி விடுதிகளில் மது எங்குமே கூடாது, ஏட்டளவிலேனும். அங்கே நிலை வேறு. 1984 இல் குடியரசுத் தலைவர் ரொனால்டு ரேகன் கையொப்பமிட்ட ஒரு சட்டத்தின் விளைவாக, 21 வயது நிறையாதவர்கள் மது வாங்கக் கூடாது என்பது காலப்போக்கில் எல்லா மாநிலங்களிலும் விதியாயிற்று. (அச்சட்டம் நேராகத் தடை விதிக்கவில்லை. தடை விதிக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை நிறுத்திவைப்போம் என்றது. பணத்தின் மொழி எல்லாருக்கும் புரியும்.) ஆனால் கல்லூரிக்கு வருகிறவர்கள் 18 வயதினர், பட்டம் பெற்றுப் போகிறவர்கள் 22 வயதினர். குடிக்க உரிமையுள்ளவரும் இல்லாதவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்கிறார்கள். யார் வாங்கி யாருக்குக் கொடுக்கிறார் என்பதை யார் கண்டது?

இந்தச் சூழலில்தான் 1980களின் இறுதியில் மதுவும் புகையிலையும் பிற போதைப்பொருள்களும் நுழையக் கூடாத இடங்களைச் சில பல்கலைக்கழகங்கள் தனியே ஒதுக்கத் தொடங்கின. நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1988 இல் குடிநோயிலிருந்து மீண்டுவரும் மாணவர்களுக்கென்றே ஓர் இல்லத்தைத் திறந்தது. மறு ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகம், விரும்பும் மாணவர் எவரும் கேட்டுப் பெறலாம் என்று அறைகளை ஒதுக்கிற்று. பின்னர் இவ்வழக்கம் நாடெங்கும் பரவியது. 'சப்ஸ்டன்ஸ் ஃப்ரீ ஹவுசிங்' என்பது அதன் பெயர். வேண்டுவோர் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் அடையாளமிட வேண்டும். பிறகு ஓர் உறுதிமொழியில் கையொப்பமிட வேண்டும். பெரும்பாலான இடங்களில் அந்த உறுதிமொழி இவ்வளவே: தளத்துக்குள் எதையும் கொண்டுவரமாட்டேன், வெளியே குடித்துவிட்டு வந்து உடன் வாழ்வோரைத் தொல்லைப்படுத்தமாட்டேன். வாழ்நாள் முழுதும் தொடமாட்டேன் என்று எவரும் சத்தியம் கேட்பதில்லை.

உண்மையைச் சொன்னால், இதில் தயங்க என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. குருமடத்தில் அறநெறி இறையியல் கற்றவன் நான். பாவத்துக்கு இட்டுச்செல்லும் சூழலை நெருங்காமலிருப்பதும் கடமையே என்பது அதன் பால பாடம். புனித அகுஸ்தினார் தம் தன்வரலாற்றின் 6 ஆம் நூலில் சொல்லும் அலிப்பியுவின் கதையை எடுத்துக்கொண்டேன். உரோமை நகருக்குச் சட்டம் படிக்கப் போன அந்த இளைஞரை உடன் படித்தவர்கள் வலிந்து இழுத்துக்கொண்டு போய், மனிதர் மனிதரைக் கொல்லும் வாட்போர் அரங்கில் அமர்த்தினார்கள். 'உடலை இழுத்து வரலாம், உள்ளத்தை முடியாது' என்ற துணிவில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார் அவர். கூட்டத்தின் பேரிரைச்சல் எழுந்தது. கண் திறந்தது. பிறகு அவரே மற்றவரை அழைத்துப் போகிறவரானார். "காதை மூட மறந்தார், தம்பி" என்று முடித்தேன். பலமுறை சொல்லிப் பழகிய கதை, நன்றாகவே சொன்னேன்.

பையன் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "ஃபாதர், நீங்கள் குருமடத்தில் எத்தனை ஆண்டுகள் இருந்தீர்கள்?" என்றான்.

"பன்னிரண்டு."

"அங்கே மது இருந்ததா?"

"கிடையாது."

"உங்களோடு படித்தவர்கள் யாரும் பிறகு குடிக்கவில்லையா?"

என்னால் பதில் சொல்ல இயலவில்லை. எங்கள் வகுப்பில் எல்லாரிலும் இனிமையாகப் பாடத் தெரிந்த ஒருவர் இருந்தார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் அதே மதிலுக்குள், அதே மணியோசைக்கு எழுந்து, அதே மேசையில் உண்டவர். குருப்பட்டம் பெற்றுத் தனியாக ஒரு பங்கில் அமர்ந்த மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 43 வயதில் ஈரல் கெட்டு இறந்தார். அடக்கத் திருப்பலியில் நான் உடனிருந்தேன். அதற்கு முன் இருமுறை அவரை அந்த நிலையில் பார்த்திருக்கிறேன். அவர் மனம் நோகுமே என்று காணாதவன்போல இருந்துவிட்டேன். மதில் அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று இன்றும் நான் கேட்டுக்கொள்வதுண்டு. எனக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று கேட்பது அதைவிடக் கடினம்.

என் மௌனத்தைப் பார்த்துப் பையனுக்கே சங்கடமாகிவிட்டது. "தானியேல் வேறு அரண்மனை கேட்கவில்லையே, ஃபாதர். நீங்கள்தானே பிரசங்கத்தில் சொன்னீர்கள்?" என்றான். என் மறையுரையை இளைஞன் ஒருவன் நினைவில் வைத்திருக்கிறான் என்பதில் உண்டான மகிழ்ச்சியை அந்த நேரத்திலும் என்னால் மறைக்க முடியவில்லை. நெபுகத்னேசர் அரசரின் அரண்மனையில் மூன்று ஆண்டுப் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்ட தானியேல் அங்கேயே இருந்துகொண்டு அரசரின் உணவையும் இரசத்தையும் விலக்கினார். பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று மேற்பார்வையாளரிடம் மரக்கறியும் தண்ணீரும் கேட்டார். ஆனால் அவர் தனியாக இல்லையே! நால்வர் ஒன்றாகக் கேட்டார்கள். நால்வரும் ஒரே பந்தியில் உண்டார்கள். அதுவும் ஒரு தனித் தளம்தான் என்றேன்.

பையன் சிரித்தான். பிறகு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன்பின் அவன் சொன்னது ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்லப்பட்டதல்ல. அவனிடமும் அவன் தந்தையிடமும் அனுமதி பெற்றே இங்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் மாதத்தில் அப்பல்கலைக்கழகம் புதிய மாணவர்களை அழைத்து, பழைய மாணவர் ஒருவரின் அறையில் ஓர் இரவு தங்கவைத்திருந்தது. சாதாரண விடுதி. நள்ளிரவுக்கு மேல் அந்த மாணவர் தள்ளாடி வந்து கழிவறை வாயிலில் விழுந்தார். வாந்தி. பக்கத்து அறைகளிலிருந்து வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் படம் எடுத்தார். இவன் போய் அவரை ஒருக்களித்துக் கிடத்தி, தலையைப் பிடித்து, வாயைத் துடைத்து, விடியும்வரை மூச்சைக் கவனித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, ஃபாதர். எட்டு வயதிலேயே தெரியும்."

வெளியே காரில் இருந்தவரை நினைத்துக்கொண்டேன். அவர் குடியை விட்டு அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை இரவும் எங்கள் ஆலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் ஏ.ஏ. கூட்டம் நடக்கும். 1935 இல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதில் பிறந்த அமைப்பு அது. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடித்து அடுக்கி, விளக்கணைத்துவிட்டுக் கடைசியாகப் போகிறவர் இவர்தான்.

"அந்தக் கட்டத்தில் அடையாளம் போட்டால், நானும் அப்பாவைப்போல் ஆகிவிடுவேன் என்று பயப்படுவதாக அப்பா நினைப்பார். எனக்கு அந்தப் பயமே இல்லை. நான் அந்த வாடையில் இனிமேல் தூங்க முடியாது. அவ்வளவுதான். ஆனால் நான் போய்விட்டால், அன்றைக்கு விழுந்தாரே, அவர் தலையைப் பிடிக்க யார் இருப்பார்கள்?"

குடிக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு விடை ஆயத்தமாக வைத்திருந்த எனக்கு, இந்தக் கேள்விக்கு விடை இருக்கவில்லை. திருச்சபை இரசத்தை வெறுப்பதில்லை. நாள்தோறும் அதைக் கையில் ஏந்துகிறவன் நான். ஆண்டவர் கானாவில் தண்ணீரை எதுவாக மாற்றினார் என்பதும் தெரியும். பையன் கேட்டது அதையல்ல. பிறருடைய குடியின் சுமையை ஓர் இளைஞன் எத்துணைக் காலம் சுமக்க வேண்டும் என்று கேட்டான். இது அவன் ஒருவனுடைய தொல்லை அல்ல என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். 1993 இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஹென்றி வெக்ஸ்லரும் அவருடைய குழுவினரும் 140 கல்லூரிகளில் ஆய்வு நடத்தினார்கள். முந்திய இரு வாரங்களுக்குள் ஒரே அமர்வில் ஆண்களானால் 5, பெண்களானால் 4 கோப்பைக்குக் குறையாமல் குடித்தவர்கள் 44 விழுக்காடு. அந்த ஆய்வு குடிக்காதவர்களையும் விசாரித்தது. கெட்டுப்போன தூக்கம், தடைப்பட்ட படிப்பு, குடித்தவரைப் பார்த்துக்கொண்டு கழித்த இரவு ஆகியவற்றையும் அது கணக்கில் சேர்த்தது. எந்தப் பாவத்தின் கணக்கிலும் நாம் எழுதாத செலவு அது.

நல்ல சமாரியர் நினைவுக்கு வந்தார். காயப்பட்டவரைச் சத்திரத்துக்குக் கொண்டுபோய், அன்றிரவு கவனித்து, மறுநாள் சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்துவிட்டுத் தம் வழியே போனார் அவர். திரும்பி வருவதாகவும் சொன்னார், ஆனால் போனார். எத்தனையோ முறை அந்த உவமையைப் பிரசங்கித்தும், அவர் போனதை நான் அதுவரை கவனித்ததில்லை. "தம்பி, அன்றிரவு நீ செய்தது சரி. அதற்காக அந்தச் சத்திரத்திலேயே நீ குடியிருக்க வேண்டும் என்று ஆண்டவர் சொல்லவில்லை. உனக்கு வயது 18. பத்து ஆண்டுகளாக நீ விழித்திருக்கிறாய்" என்றேன்.

அவன் அங்கே அடையாளம் போடவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். கார்வரை உடன் நடந்தேன். தந்தை கண்ணாடியை இறக்கி, தணிந்த குரலில், "பழையதை ஏதும் சொன்னானா, சாமி?" என்றார். "நீங்களே அவனிடம் கேளுங்கள்" என்றேன். ஒரு வாரம் கழித்து என் கைப்பேசிக்கு அவனிடமிருந்து ஒரு வரி வந்தது: போட்டுவிட்டேன், அப்பாவுக்காக அல்ல.

நவம்பரில் நன்றியறிதல் விடுமுறைக்கு வந்தபோது நிறையப் பேசினான். அந்தத் தளம் மோட்சமல்ல என்றான். பாதிப் பேருக்கு அவர்கள் பெற்றோரே கட்டத்தில் அடையாளமிட்டிருந்தார்கள். அவர்களில் இருவர் வெள்ளிக்கிழமை இரவுகளில் வேறு தளத்துக்குப் போய், காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். ஒருவர் அக்டோபரிலேயே அறை மாற்றக் கேட்டுப் போய்விட்டார். மற்ற விடுதிக்காரர்கள் இவர்களைக் கேலி செய்வதும் உண்டு. நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்திருந்தார்கள். மறு ஆண்டு அவர்களில் இருவரோடு சாதாரண விடுதிக்கே மாறிக்கொண்டான். தந்தைக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை.

அந்த நவம்பர் மாதச் செவ்வாய் இரவு, கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவரோடு நானும் இரண்டை எடுத்து மடித்தேன். "கேட்டேன், சாமி. சொன்னான்" என்றார். சிறிது நேரம் வேலையைத் தொடர்ந்தோம். பிறகு அவர் சொன்னார்: "சின்ன வயதிலிருந்து அவன் அறைக் கதவைத் திறந்து வைத்துத்தான் தூங்குவான். என் அறையில் சத்தம் கேட்டால் ஓடி வர வேண்டுமே. நான் விட்ட பிறகும் ஒன்பது வருஷமாக அப்படித்தான். இந்த முறை வந்த முதல் நாள் ராத்திரி பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினான், சாமி."