மூன்று இளநீரும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

ஸ்டெம்செல் மாற்று சிகிச்சை முடிந்து நாற்பதாவது நாள். மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு எடுத்த அறை. காபி டம்ளரைப் பிடித்த மகனின் கை நடுங்குவதை அம்மா கவனித்தார். ராத்திரியானால் கெண்டைக்கால் வேறு இழுத்துப் பிடித்தது.

"உடம்புல தெம்பே இல்ல கண்ணு" என்றவர், பொள்ளாச்சிப் பக்கம் உள்ள சொந்தத் தோப்பிலிருந்து வந்த இளநீரைச் சீவிக் கொடுத்தார். நாளைக்கு மூன்று வீதம் நான்கு நாள்கள்.

ஐந்தாம் நாள் வழக்கமான ரத்தப் பரிசோதனை. மதியமே போன் வந்தது. "உடனே கூட்டிட்டு வாங்க."

ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டே நர்ஸ் கேட்டார், "இளநி, ஜூஸ் ஏதாச்சும் குடுத்தீங்களாம்மா?"

பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்கலாம். மகனுக்கு 6.3. மெக்னீசியமோ ரொம்பக் குறைவு.

டாக்டர் விளக்கினார். தங்கை கொடுத்த செல்கள் அண்ணனின் உடம்பையே தாக்கிவிடாமல் இருக்கத்தான் சைக்ளோஸ்போரின் மாத்திரை. ஆனால் அது சிறுநீரகத்தில் பொட்டாசியத்தைத் தேக்கும். மெக்னீசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். கால் இழுத்ததும் கை நடுங்கியதும் அதனால்தான். நிமோனியா வராமலிருக்கத் தரும் கோ-டிரைமாக்சசோல் மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றும். அதற்கு மேல் இளநீர்! ஒரு டம்ளரிலேயே ஒரு வாழைப்பழத்துக்குக் குறையாத பொட்டாசியம் இருக்கிறது. பொட்டாசியம் கூடினால் பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது. திடீரென இதயத்துடிப்பு தாறுமாறாகும்.

"அப்ப அந்த மாத்திரைய நிறுத்திரலாங்களா?"

"நீங்களா நிறுத்தவே கூடாதும்மா. அளவை நாங்க குறைக்கிறோம்."

இதயத்தைக் காக்க கால்சியம் ஊசி, பொட்டாசியத்தை செல்களுக்குள் தள்ள இன்சுலினும் குளுக்கோஸும், மெக்னீசியத்துக்கு டிரிப். மூன்றாம் நாள் அளவுகள் சரியாகின. பூஞ்சைத் தொற்றுக்கு ஆம்போடெரிசின் போடும்போது இதே பொட்டாசியம் தலைகீழாகக் குறையுமாம். அதனால் பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சொன்ன சாப்பாடு நமக்கும் பொருந்தும் என்று நினைக்க முடியாது. கை நடுக்கமோ, கால் இழுப்போ, படபடப்போ வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனையையும் ஒருமுறைகூடத் தவறவிடக் கூடாது.

அடுத்த வாரம் தோப்பிலிருந்து இன்னொரு மூட்டை வந்தது. அதே சிகிச்சைக்கு வந்திருந்த பக்கத்து அறைக்காரர் ஆசையாகக் கேட்டார். ஒன்றைக் கையில் எடுத்த அம்மா, கொடுக்கவில்லை.

"உங்க பையன் என்ன மாத்திரைங்க சாப்பிடறான்? டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க. இளநி இங்கேயேதான் இருக்கும்."