மகிழுந்தின் முதுமை

கார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மகிழுந்து என்று எழுதுவோரைப் பார்த்து நண்பர்கள் சிரிப்பதுண்டு. அலுவலகம் போய்வரும் வண்டியில் மகிழ்வதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் 2007-ஆம் ஆண்டு மிட்சுபிஷி செடியாவுக்கு மட்டுமாவது அச்சொல் பொருந்தும் என்று அண்ணன் தம்பி இருவருமே நம்புகிறோம். அதை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பதுதான் இரண்டு ஆண்டுகளாக வீட்டில் ஓயாத வழக்கு.

நான்கு கதவுள்ள வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்று கொண்டாடலாமா என்று வல்லுநர்கள் புருவம் நெரிக்கலாம். 1999 சிசி எஞ்சின், 115 குதிரைத்திறன். இன்று இதில் பாதியளவுள்ள டர்போ எஞ்சின்களே இந்தக் கணக்கை எட்டிவிடுகின்றன. ஆனால் வம்சம் என்று ஒன்றிருக்கிறதல்லவா? 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலிப் பட்டத்தை டாமி மாக்கினென் வென்றது லான்சர் எவல்யூஷனில்தான். எங்களுடையது அந்தக் குடும்பத்தின் சாதுவான உறவு. இந்திய ராலிகளில் எம்.ஆர்.எஃப் அணி ஓட்டியதும் செடியாவைத்தான்.

பிறந்ததோ எங்கள் மாவட்டத்தில். திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-இல் லான்சரையும் 2006-இல் செடியாவையும் கொண்டுவந்தது. அதே ஆலையிலிருந்து இப்போது வெளிவருபவை சிட்ரன் கார்கள். பதிவெண்ணும் டிஎன் 20, திருவள்ளூர். பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே மாவட்டம் என்று அம்மா சொல்வார்.

வாங்கியவர் அப்பா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கடைசல் பட்டறை வைத்திருந்தார். இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகளுக்கு உருளைகளைக் கடைந்து கொடுப்பது தொழில். சிக்கனமான மனிதர். அவர் இப்படியொரு வண்டி வாங்கியது உறவினர்களுக்குப் புதிர். எங்களுக்கு விடை தெரியும்: சோழவரம். இரண்டாம் உலகப்போரின்போது பயன்பட்ட விமான ஓடுபாதை அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. எழுபதுகளில் பொன்னேரியிலிருந்து சைக்கிள் மிதித்துச் சென்று, வைக்கோல் பொதிகளுக்குப் பின்னால் நின்று பார்த்த சிறுவர்களில் அப்பாவும் ஒருவர். பின்னாளில் கோயம்புத்தூர் கரிவரதனின் பெயரைச் சொன்னாலே அவர் குரல் மாறும். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் வந்தபின் சோழவரம் அடங்கிவிட்டது. இன்றும் கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் அவ்விடத்தைக் கடக்கையில் அப்பா இடப்புறமோ வலப்புறமோ பார்ப்பதில்லை; காதைத்தான் தீட்டிக்கொள்வார்.

நிற்க. கணக்குக்கு வருவோம். சென்ற ஆண்டு மட்டும் பராமரிப்புக்கு 62,000 ரூபாய் ஆயிற்று. உதிரிபாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டைக் கடைகளில் பாதி நாள் அலைய வேண்டும். கிடைத்தால் அன்று திருவிழா. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர். தரகர் தர முன்வந்த விலை 90,000. பதினைந்து ஆண்டான கார்களின் மறுபதிவுக் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆக்கியது. எங்கள் முறை வந்ததோ அவ்வாண்டு ஜூனில்! இருபது ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025-இல் அது 10,000 ஆயிற்று. எங்கள் பதிவு 2027-இல் முடிகிறது.

பெட்ரோலும் மாறிவிட்டது. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருள் இன்று எங்கும் பரவிவிட்டது. எங்கள் வண்டி அதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. பழைய வண்டிகளில் சில ரப்பர் உறுப்புகளையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே கூறியிருக்கிறது.

இவ்வளவும் கூட்டினால் விடை வெளிப்படை. தம்பி ஒரு தாளில் எழுதியே காட்டினான். அழிப்புச் சான்றிதழ் பெற்றால் புதிய வண்டியின் சாலை வரியில் சலுகை உண்டு என்பதும் அத்தாளில் இருந்தது. அப்பா அந்த வரியில்தான் நின்றார்.

"அறுத்து எங்கடா அனுப்புவாங்க? உலைக்குத்தானே? முப்பது வருஷமா அந்த உலைக்குப் பக்கத்துல உட்காந்திருந்தவன்கிட்ட சொல்றியா?"

அவர் கூற்றில் மிகையில்லை. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் பழைய இரும்பு உருகிக் கட்டுக்கம்பியாகிறது. திருவள்ளூரில் உருப்பெற்ற கதவு, கும்மிடிப்பூண்டியில் உருகி யாரோ ஒருவரின் மொட்டை மாடித் தளத்துக்குள் போய்ச் சேரலாம். பொருளியல் நோக்கில் இது மிக நல்ல முடிவு என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

ஆயினும் உண்மையான இடர் பணமுமன்று, உலையுமன்று. அம்மாவின் முழங்கால். செடியாவின் இருக்கை தாழ்வானது. அதில் இறங்கி அமர்வதும் எழுவதும் அவருக்குத் தண்டனை. மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் ஒருவர் கையைப் பிடித்து இழுக்க, மற்றவர் முதுகைத் தாங்க, வாசலில் ஒரு சிறு கூட்டமே கூடும். அப்பாவோ குளுக்கோமாவால் 2023-இல் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். ஓட்டியவரால் ஓட்ட முடியாது, ஏற வேண்டியவரால் ஏற முடியாது. அப்படியென்றால் இதை யாருக்காக வைத்திருக்கிறோம்? ஞாயிறுதோறும் அப்பாவை அருகில் அமர்த்திப் பழவேற்காடு வரை போய்வருகிறோமே, அந்த இரண்டு மணி நேரத்துக்காகவா? "மூணாவதுலயே இழு, மாத்தாதே" என்று அவர் சொல்வதும், எஞ்சின் குரல் உயர்வதும் கேட்டவர்கள் இந்தக் கேள்வியைச் சற்று மெதுவாகத்தான் கேட்பார்கள்.

தீர்ப்பு அம்மாவிடமிருந்து வந்தது. "அவரோட காரை விக்க வேணாம். எனக்கு ஏறி இறங்குற மாதிரி ஒண்ணு பாருங்க. புதுசா இருக்கணும்னு இல்ல." மாற்றுவதற்கென்று சேர்த்த தொகையில் எட்டு ஆண்டு பழைய வேகன் ஆர் ஒன்று வந்து சேர்ந்தது. உயரமான இருக்கை, அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறுகிறார். இரண்டு வண்டி வைத்துக்கொள்ளும் ஆடம்பரம் குறித்துத் தம்பியின் தாளில் இன்னொரு பத்தி சேர்ந்திருக்கிறது. அதில் பிழையேதும் எங்களுக்குத் தெரியவில்லை.

சென்ற வாரம் செங்குன்றம் மெக்கானிக் செடியாவின் எரிபொருள் குழாய்களை மாற்றினார். கழற்றிய குழாயை அப்பா வாங்கி மடக்கிப் பார்த்தார். விரிசல் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை; நகத்துக்குத் தட்டுப்பட்டது. 2027 ஜூனுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று கேட்டார். சொன்னோம்.