பழைய டிராக்டருக்கு விலை சொல்பவர்கள்

சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குத் தியாகதுருகம் என்றால் கோட்டை மலைதான் முதலில் கண்ணில் படும். எனக்கு அங்கே வேலை இருந்தது மலைமேல் இல்லை. கீழே ஒரு டிராக்டர் பட்டறையில். என் மைத்துனர் பழைய டிராக்டர் ஒன்று வாங்க வேண்டும் என்றார். பழைய வண்டிக்கு எப்படி விலை வைக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. சேர்ந்தே போனோம்.

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருப்பதால் இந்த வட்டாரத்து டிராக்டர்களில் பலவும் உழுததைவிடக் கரும்பு இழுத்ததே அதிகம். அரவை முடியும் சமயத்தில்தான் வண்டிகள் நிறையக் கைமாறும் என்றார் தரகர். அறுபதைத் தாண்டியவர். மாட்டுச் சந்தையில் தொழில் படித்தவர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசியவர் இப்போது டிராக்டருக்கு மட்டும் எல்லாரும் கேட்கும்படி வாய்விட்டுப் பேசுகிறார். “மாட்டோட குறைய மாடே காட்டிரும். வண்டியோட குறைய யாராவது சொன்னாத்தான் உண்டு” என்றார்.

அதைச் சொல்கிறவர் மெக்கானிக். விற்பவர் 4,10,000 ரூபாய் கேட்டிருந்தார். ஒன்பது வருட வண்டி, ஒரே உரிமையாளர், கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. மெக்கானிக் பெயின்டைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“காலையிலயே ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிட்டீங்களாண்ணே?”

“கொண்டாந்து நிறுத்தணுமில்ல, அதான்.”

“சரி, ஆறட்டும். அப்புறமா பாத்துக்கலாம்.”

சூடான எஞ்சின் யாருக்கும் சட்டென்று ஸ்டார்ட் ஆகிவிடும்; ஆறிப்போன எஞ்சின்தான் கம்ப்ரஷன் எப்படி என்று காட்டும். டீ குடித்துவிட்டு, வெயில் ஏறும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பிறகு சாவியைத் திருப்பியபோது எஞ்சின் திணறித் திணறித்தான் பிடித்தது. நீலப் புகை வந்தது. கரும்புகை என்றால் நாசில், பம்ப் பக்கம் பார்க்க வேண்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் மூடியைக் கழற்றித் தன் கையை அந்த வாய்மேல் வைத்தார், பிறகு விற்பவரின் கையைப் பிடித்து வைத்தார், கடைசியாக என் கையையும். உள்ளிருந்து காற்று விட்டுவிட்டுத் தள்ளியது. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் இப்படிக் கீழே கசியும். “ஒரு சீசன் ஓடும்ணே. அடுத்ததுக்குப் பிரிச்சுத்தான் ஆவணும்.”

அடுத்து கியர்பாக்ஸின் அளவுக்கம்பியை உருவினார். எண்ணெய் வெளுத்துக் கலங்கியிருந்தது. தண்ணீர் புகுந்த அடையாளம் அது. லோடு மட்டும்தான் அடித்தேன் என்று விற்பவர் சொல்லியிருந்தார். கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறக்கினால்தான் பின் அச்சு சீல் வழியாகத் தண்ணீர் ஏறும். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டு போகம் நடவு உழவுக்கு வாடகைக்கு விட்டதை அவர் ஒத்துக்கொண்டார். யாரும் குரலை உயர்த்தவில்லை.

ஹவர் மீட்டர் ஓடவில்லை. அதற்குப் பதில் கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் தேய்மானத்தைப் பார்த்தார்கள். ரோட்டாவேட்டரைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்தார்கள்; அது கீழே இறங்காமல் நின்றது, ஹைட்ராலிக் நன்றாக இருக்கிறது. முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி ஆட்டிப் பார்த்தார்கள். சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார் தரகர். தாளில் எழும்பிய எண்கள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

கோடிகளில் விலைபோகும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் சோதனை இதுவேதான். பிறக்கும்போது இருந்த எஞ்சினே இன்னும் இருக்கிறதா என்று அங்கேயும் நம்பரைத்தான் தேடுகிறார்கள். மீட்டரில் குறைந்த கிலோமீட்டர் காட்டினால் நல்ல வண்டி என்று அங்கேயும் நம்பிவிட முடியாது. 1990-களில் வந்த ஃபெராரி எஃப்355-க்கு டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் பெல்ட்டுக்கு வயது ஏறும். மாற்றியதற்குக் கணக்கு இல்லாவிட்டால், விவரம் தெரிந்தவர் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்வார். கொட்டகையில் சும்மா நின்ற டிராக்டரில் டீசல் பம்ப் இறுகிப் போவதும் அதே கதைதான். ஒரு வித்தியாசம் உண்டு. 1962-இன் ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று 2018-இல் அமெரிக்க ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போனது. அந்த ரகத்தில் செய்தவையே 36 வண்டிகள்தான். அரிதான பொருளுக்கு ஆசை விலை வைக்கும். தியாகதுருகத்தில் விலை வைப்பது, அடுத்த பருவத்தில் இது ஓடுமா, பாகம் கள்ளக்குறிச்சியில் கிடைக்குமா என்ற கேள்விகள்தான்.

எழுதி வைத்த கணக்கும் ஒன்று உண்டு. இன்சூரன்ஸில் வண்டி மதிப்பைக் குறிக்க ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓர் ஆண்டுக்குள் 15, நான்கிலிருந்து ஐந்தாம் ஆண்டுக்குள் 50 என்று கழிப்பார்கள். ஐந்து ஆண்டைத் தாண்டினால் அட்டவணை முடிந்துவிடும். நிறுவனமும் உரிமையாளரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தப் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை அந்த எல்லைக்கு அப்பால் வயதானவை. அங்கே மெக்கானிக்கின் கையும் கண்ணும் மட்டுமே அளவுகோல்.

புதிய வண்டியின் விலையும் பழையதை அசைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5-ஆகவும், அதன் டயருக்கு 18-லிருந்து 5-ஆகவும் குறைந்தது. புதியது இறங்கினால் பழையதும் இறங்கத்தானே வேண்டும்? விற்பவர் இதை ஏற்க நேரம் பிடித்தது. வரி குறையும் முன் பக்கத்து ஊரில் விற்ற விலையை மனதில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் மேல் எனக்கு இரக்கம்தான் வந்தது. வண்டிக் கடனின் தவணை அவருக்கு இன்னும் பழைய விலையில்தான் ஓடுகிறது.

ரிங், லைனர் வேலை, பின் அச்சு சீல், பேரிங் என்று மெக்கானிக் செலவைச் சொல்லச் சொல்ல, தரகர் ஒரு பழைய டைரியில் எழுதிக் கழித்தார். டயர் நன்றாக இருந்ததற்குக் கொஞ்சம் கூட்டவும் செய்தார். 3,40,000-க்கு முடிந்தது.

தரகருக்கு இரு பக்கமும் கமிஷன் கிடைத்தது. மெக்கானிக்குக்கு என் மைத்துனர் கொடுத்தது 500 ரூபாய். இது சரியில்லை என்றே நினைக்கிறேன். விற்பனை முடிந்தால்தான் தரகருக்குப் பணம். வண்டி வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் மெக்கானிக்கிடம்தான் இருக்க வேண்டும். அதற்கு, விற்றாலும் விற்காவிட்டாலும் ஒரு கௌரவமான சோதனைக் கூலியை நாம் கொடுக்க வேண்டும். அது இல்லாததால்தான் சில பட்டறைகளில் பின்னால் வரும் ரிப்பேர் வேலையை நம்பிக் குறையைப் பெரிதாக்கிச் சொல்லும் பழக்கம் இருக்கிறது.

இதை மெக்கானிக்கிடமே கேட்டேன். “அதனாலதான் சார் அவர் கையையும் வெச்சுப் பாக்கச் சொன்னேன். நம்பலைன்னா வேற மெக்கானிக்க கூட்டியாரட்டும், நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்” என்றார்.

வண்டிமேல் கடன் பாக்கி இருந்தது. 10,000 ரூபாய் அட்வான்ஸ் போக, கடனுக்கு வேண்டியதை நேராக வங்கிக் கணக்கில் கட்டுவது, தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கைக்கு வந்த பிறகு, படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிக்கொண்டு மீதியைத் தருவது என்று பேசினார்கள். எண்ணெய் கலங்கியிருந்ததையும் ரிங் தேய்ந்திருந்ததையும் ஒப்பந்தத் தாளிலேயே எழுதச் சொன்னார் தரகர். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக்கு மெக்கானிக் போட்டார்.