தங்கம் போன பிறகு...

பங்காருப்பேட்டையில் பிரிந்து போகிறது ஒரு சின்ன ரயில் பாதை. கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் என்று ஸ்டேஷன்கள் வரும். கடைசி ஸ்டேஷன் மாரிகுப்பம். நடப்பது கர்நாடகாதான். ஆனால் இறங்கியதும் காதில் விழுவது தமிழ். கே.ஜி.எஃப். என்றதும் இப்போது எல்லோருக்கும் சினிமாதான் ஞாபகம் வருகிறது. கோலார் தங்கவயல்காரர்களுக்கு அது அப்பா வேலை பார்த்த இடம்.

1880-ல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி இங்கே கால் வைத்தது. பாறையைக் குடைய வட ஆற்காடு, சேலம், தர்மபுரி பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலோர் நிலமில்லாத ஒடுக்கப்பட்ட மக்கள். 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து மின்சாரம் எடுத்து, சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான் மின்விளக்கு!

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறை தொட்டாலே சுடும். அவ்வளவு ஆழத்துக்கு ஆட்களை இறக்கியது கம்பிக் கயிற்றில் தொங்கும் ஒரு இரும்புக் கூண்டு. அந்தக் கயிறு ஓடிய சக்கரங்கள் சுரங்க வாயின் மேல், கோபுரம் மாதிரி நிற்கும் இரும்புச் சட்டத்தின் உச்சியில் இருந்தன. பக்கத்துக் கட்டடத்தில் ராட்சத உருளையோடு அதைச் சுற்றும் இயந்திரம். விஞ்ஞானிகளும் இதே கூண்டில் இறங்கியவர்கள்தான். வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ துகள்களை உலகம் முதன்முதலில் பதிவு செய்த இடங்களில் ஒன்று இந்தச் சுரங்கம். வருடம் 1965.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்த பிறகு, 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். பம்புகள் நின்றன. சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறியது. தரைக்கு மேலே இருந்தவற்றின் கதை வேறு.

பழைய தொழிற்கூடம் ஒரே நாளில் இடிந்து விழுவதில்லை. முதலில் ஒரு ஓடு நகரும், அல்லது கூரைத் தகடு காணாமல் போகும். அந்த ஓட்டை வழியே மழை இறங்கும். மர உத்தரம் ஊறி உளுக்கும். சுவரின் சுண்ணாம்புக் காரை கரையும், விரிசலில் ஆல விதை விழும். வேர் ஒரு விரல் தடிமன் வந்துவிட்டால் வெட்டினாலும் சுவர் பிளந்ததுதான். ஆரம்பத்திலேயே நாலு ஓடு மாற்றியிருந்தால் சின்னச் செலவோடு போயிருக்கும். பரிதாபப்பட்டு யாராவது சிமென்ட் பூசினாலும் தப்பு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டு உலரும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும்.

அடுத்து, பழைய இரும்புக்கு ஆள் வரும். செப்புக் கம்பி, பித்தளை வால்வு, தண்டவாளம் எல்லாம் எடைக்குப் போகும். வேலை போன ஊரில் அதைத் திருட்டு என்று மட்டும் சொல்லிவிட்டு நகர மனம் வரவில்லை. 2020 மே மாதம் கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றுக்குள் இரும்பு தேடி இறங்கியதாகச் சொல்லப்பட்டவர்களில் மூன்று பேர் உயிரோடு திரும்பவில்லை. வேலி போட்டுக் காவல் வைப்பது கட்டடத்துக்காக மட்டுமல்ல.

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் ஸோல்ஃபெரைன் என்ற நிலக்கரிச் சுரங்கம் 1986-ல் மூடப்பட்டது. அங்கே மாநில அரசே இடத்தை வாங்கியது. இயந்திரங்களை இருந்த இடத்திலேயே விட்டது. கரி கழுவிய கட்டடம் இன்று மியூசியம். யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது 2001-ல், கோலார் மூடப்பட்ட அதே வருடம்.

இங்கே பேச்சு வேறு மாதிரி. தாதுவை அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைடு மேடுகள் ஊரைச் சுற்றி 13 இருக்கின்றன. அவற்றில் மிச்சத் தங்கம் தேட ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024-ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மேட்டுக்கு ஏலம் சரி. அந்தக் கூண்டுக் கோபுரங்களை யார் கேட்பார்கள்? நம் நாட்டில் 100 வயதான கட்டுமானத்தைப் பாதுகாக்க 1958-லிருந்தே சட்டம் உண்டு. ஆனால் கோயில், கோட்டை என்றால் உடனே ஒப்புக்கொள்கிற நாம், புகைபோக்கியையும் இன்ஜின் அறையையும் சின்னம் என்று சொல்லத் தயங்குகிறோம்.

போகிறவர்கள் கவனிக்க: சுரங்கப் பகுதிக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. சயனைடு மேடுகளில் ஏறி செல்ஃபி எடுப்பதும் வேண்டாம், காற்றில் பறக்கும் அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. சாலையிலிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது. வயதானவர் யாராவது டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் எந்த ஷாஃப்ட்டில் வேலை பார்த்தார் என்று கேளுங்கள். இருட்டும் வரை பேசுவார்.

இருட்டிய பிறகு பெங்களூர் ரயில் வந்து நிற்கும். விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்பிப் போன பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு இறங்குவார்கள்.