யார் எடுத்த படம்?

போர்க்கால நிழற்படம் ஒன்று நெடுநாள் கழித்து வெளிப்படும்போது, அதனை ஐயுறுவது மாண்டோரை அவமதிப்பதாகும் எனப் பலர் கருதுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

எங்கள் வாழப்பாடியில் எண்பத்தைந்து வயது கடந்த உறவுமுறை அத்தை ஒருவர் இருக்கிறார். அவருடைய தந்தை மலேயா இரப்பர்த் தோட்டத்திற்குக் கூலியாகச் சென்றவர். ஜப்பானியரால் சயாம் இரயில் பாதைப் பணிக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாதவர். அண்மையில் மலேசிய உறவினர் ஒருவர், பழைய பெட்டியில் அகப்பட்டதென்று ஒரு படத்தைக் கொணர்ந்தார். மரப்பாலத்தின் கீழ் இடைத்துணியோடு இருபது பேர், பின்புறம், “சயாம், 1943.” ஓரத்தில் நின்றவர்மீது அத்தை விரல் வைத்தார். நினைவறியாப் பருவத்தில் பிரிந்த முகம் அது.

படத்தில் இருப்பவர் யார் என்பதற்கு முன், எடுத்தவர் யார் என்று கேட்க வேண்டாமா? 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட, 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் உழைத்தனர். அவர்களுள் மலேயாத் தமிழர் பல்லாயிரவர். போர்க் கைதிகள் பலருக்குக் காஞ்சனபுரிக் கல்லறையிலேனும் பெயர் உண்டு. இவர்களுக்கோ இறந்தோர் தொகையே இன்றும் மதிப்பீடுதான். ஆஸ்திரேலியக் கைதி ஜார்ஜ் ஆஸ்பினால் ஒளித்து வைத்த காமிராவால் சில படங்கள் எடுத்தார். தமிழ்க் கூலியிடம் காமிரா ஏது?

1957இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ திரைப்படக் காட்சியோ என்றும் ஐயுற்றேன். அது இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்டது. ஒப்பிட்டதில் அந்தப் பாலம் இதுவன்று. ஆனால் பின்புற எழுத்து பந்துமுனைப் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. அவ்வகைப் பேனா பரவலாகப் புழக்கத்திற்கு வந்தது போருக்குப் பிறகே. ஆகவே அந்த ஆண்டு பின்னால் யாரோ எழுதியது. அதனால் படம் பொய்யாகிவிடாது; சான்றும் ஆகாது.

இலக்னோவின் சிக்கந்தர் பாகில் 1857 நவம்பரில் சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். பெலிசே பியாட்டோ அவ்விடத்தைப் படமெடுத்தது 1858இல். படத்திற்காகவே எலும்புகள் வெளிக்கொணரப்பட்டன என்று அக்காலத்து ஆங்கில அதிகாரி ஒருவரே குறித்துள்ளார். எலும்புகள் மெய், கிடந்த கோலம் அமைக்கப்பட்டது.

அத்தையிடம் இயன்றவரை எளிமையாகச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், “அப்போ எங்கப்பன் படமே கெடையாதா?” என்றார்.

படத்தைச் சட்டமிட்டு மாட்டியிருக்கின்றனர். கீழே பெயர் எதுவும் எழுதவில்லை.